பழவேற்காட்டுக்கு விடிந்தபின் கிளம்புங்கள்

மார்கழியும் தையும் பழவேற்காட்டுக்கு விருந்தாளிகள் வரும் மாதங்கள். ஏரியில் பூநாரைகள் வந்து இறங்கியிருக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மகிமை மாதா ஆலயத்தில் கிறிஸ்துமஸ், அதையொட்டிப் புத்தாண்டு, அப்புறம் போகி, பொங்கல், காணும் பொங்கல் என்று நாட்கள் தொடர்ந்து வரும். சென்னையிலிருந்து 60 கிலோமீட்டர் அளவுதான். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று காரிலும் வேனிலும் பைக்கிலும் கிளம்பிவிடுகிறார்கள்.

இப்படிக் கிளம்புகிறவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிக் கிடக்கிறது. சூரிய உதயத்தில் பூநாரையைப் பார்த்துவிட வேண்டும் என்று விடிகாலை மூன்றரைக்கும் நான்குக்கும் வண்டியை எடுப்பது. முதல்நாள் இரவு சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். வண்டியில் எல்லாரும் தூங்க, ஓட்டுபவர் மட்டும் விழித்திருப்பார், அல்லது விழித்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். பனிக்காலப் பயணத்துக்கு என்று எத்தனையோ அறிவுரை சொல்லலாம். பழவேற்காட்டைப் பொறுத்தவரை முதலில் சொல்ல வேண்டியது, அந்த நேரத்தில் கிளம்பாதீர்கள் என்பதே.

பூநாரைக்கு விடியல்தான் வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பறவை முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை வடிகட்டிச் சாப்பிடுவது. பகலிலும் மேயும், இரவிலும் மேயும். பழவேற்காடு ஏரி, சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆனால் அதன் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் இரை தேட இடத்துக்குக் குறைவில்லை. காலை ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் கூட்டம் அங்கேயேதான் நிற்கும். சொல்லப்போனால் பனி விலகிய பிறகுதான் தூரத்தில் நிற்கும் பறவையின் இளஞ்சிவப்பு கண்ணுக்குத் தெளியும். விடிகாலை வெளிச்சத்தில் படம் எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் முதல்நாள் மாலையே பொன்னேரிக்கோ சூலூர்பேட்டைக்கோ வந்து தங்கிவிடுவது நல்லது.

விடிகாலை ஏன் இத்தனை ஆபத்து? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளியும், காற்று அடங்கும். பகலில் சூடான தரை இரவில் வெப்பத்தை வேகமாக இழந்து குளிரும். பொன்னேரி வட்டாரத்தில் அந்தச் சமயம் வயல்களில் தண்ணீர் நிற்கிறது, ஆரணியாற்றில் ஓட்டம் இருக்கிறது, கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் ஏரியும். ஈரம் நிறைந்த காற்று குளிர்ந்த தரையைத் தொட்டதும் நீர்த்துளியாகிப் பனிமூட்டமாக நிற்கும். தரை அதிகமாகக் குளிர்வது இரவின் கடைசியில் என்பதால், மூட்டம் மிகவும் அடர்வது சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான். வெயில் ஏறி எட்டு, ஒன்பது மணி ஆனால்தான் கலையும். உதயத்துக்குச் சற்றுமுன் ஏரிக்கரையில் இருக்க வேண்டும் என்று திட்டமிடுகிறவர், பனி மிக மோசமாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து வண்டி ஓட்டுகிறார்.

இந்தப் பனி ஒரே சீராகவும் இருப்பதில்லை. ஊருக்குள் தெளிவாகத் தெரியும் சாலை, வீடுகள் முடிந்து வயல்வெளி தொடங்கியதும் சட்டென்று மறையும். மெதூர் பக்கமும் திருப்பாலைவனம் பக்கமும் போய்வந்தவர்களுக்கு இது தெரியும். முந்தைய கிலோமீட்டரில் இருந்த வேகத்தோடு அந்த வெண்மைக்குள் நுழைந்துவிடுகிறோம். அங்கேதான் தவறு நடக்கிறது.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்காகவே பார்த்துவிடலாம். எதிரில் ஒன்று தெரிகிறது, மூளை அதைப் புரிந்துகொண்டு கால் பிரேக்கை மிதிக்கிறது. இதற்குச் சராசரியாக ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒன்றரை விநாடியில் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். அதன்பிறகு பிரேக் பிடித்து, உலர்ந்த சாலையில், நல்ல டயரோடு நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் கிட்டத்தட்ட 70 மீட்டர். 40 என்றால் 26 மீட்டர் அளவு. பனி இறங்கிய சாலை உலர்ந்த சாலையாக இருக்காது. ஆகவே இந்த எண்களை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சாலையோரத்து மின்கம்பங்களைப் பார்த்து உங்களுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று கணித்துக்கொள்ளலாம். அடுத்த கம்பமே தெரியவில்லை என்றால் முப்பது, நாற்பது மீட்டருக்கு மேல் பார்வை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் 60-இல் போகிறவர், எதிரில் ஒரு மாடு நிற்பதைப் பார்த்தாலும் அதன்மேல் மோதாமல் நிற்க முடியாது. அவர் எவ்வளவு தேர்ந்த ஓட்டுநர் என்பது அங்கே உதவாது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகம் எதுவானாலும் அது அதிக வேகம்தான். சாலையோரப் பலகை என்ன எண்ணைச் சொன்னாலும் சரி.

மூட்டத்தில் நம் கை தானாகப் போவது ஹைபீம் பக்கம். நன்றாகத் தெரிய வேண்டும் என்று போடுகிறோம், நடப்பது நேர்மாறு. மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டுச் சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. லோபீமில் வையுங்கள். வண்டியில் ஃபாக் லேம்ப் இருந்தால் அதையும் போடுங்கள். அது தாழ இருந்து சாலையை ஒட்டி வெளிச்சம் வீசும். நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டபடி ஓட்டுவது இன்னொரு கெட்ட வழக்கம். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா, போகிறீர்களா, திரும்பப் போகிறீர்களா என்று எதுவும் புரியாது. அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. கண்ணாடி உட்புறம் வியர்த்துப்போனால் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாமல், ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். உள்ளே இருக்கும் ஈரத்தை ஏசி இழுத்துவிடும். பார்வை அறவே போய்விட்டால் சாலையோரத்தில் நிறுத்தாதீர்கள். மெதுவாகவே போய் ஒரு பெட்ரோல் பங்க்கிலோ டீக்கடை வாசலிலோ சாலையைவிட்டு முழுக்க இறங்கி நில்லுங்கள்.

சாலையோரத்தில் நிறுத்தக்கூடாது என்பதை இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம், சென்னையிலிருந்து வரும் வழி. எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. மீஞ்சூரைச் சுற்றியும், திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டிச் சாலையிலும் கன்டெய்னர் டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றில் சில ஓரங்கட்டி நிற்கும். பின்விளக்கு எரியாமலும், சிவப்புப் பட்டை சேறு படிந்து மங்கியும் நிற்கும் டிரெய்லர், பனியில் பக்கத்தில் போகும்வரை தெரியாது. பின்புறம் உயரமாக இருப்பதால் மோதுகிற காரின் முன்பகுதி அடியில் நுழைந்து, அடி நேராகக் கண்ணாடியில் விழும். ஏர்பேக் அங்கே அவ்வளவாகக் காப்பாற்றாது. குடும்பத்தோடு போகிறவர்கள் சுற்றானாலும் கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் தச்சூர் கூட்டுச்சாலை வரை போய், அங்கே பிரிந்து பொன்னேரி வழியாகப் போவது மேல். நெடுஞ்சாலையிலும் லாரிகள் உண்டு. ஆனால் நடுவில் தடுப்பு இருக்கிறது, எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசவைப்பது குறைவு.

காட்டுப்பள்ளி, காளஞ்சி வழியாகக் கடலை ஒட்டிவரும் சாலை அழகானது. பைக்கில் வருகிறவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். கடல்காற்று சாலைமேல் மணலைக் கொண்டுவந்து போட்டிருக்கும். வளைவில் அந்த மணல்மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி வழுக்கிச் சாயும். அங்கே நேராக ஓடும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக் தொடாமல் போக வேண்டும்.

டிசம்பர் என்றால் மழை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதும் சரியல்ல. 2023-இல் மிக்ஜாம் புயல் டிசம்பர் முதல் வாரத்தில்தான் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் புரட்டிப்போட்டுவிட்டு, 5-ஆம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஆரணியாறு கடலைச் சேரும் கடைசிப் பகுதி இது. மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதுகூடத் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் போகும். முழங்காலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் என்றாலும் அது சிறிய காரைத் தள்ளிவிடும், கீழே சாலை அரித்துப்போயிருப்பதும் தெரியாது. ஊர்க்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினால் வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, அந்தப் பக்கம் போகலாமா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். மேப்பில் சாலை நீலமாகத்தான் தெரியும்.

இனி ஊர்களைப் பற்றி. ஏரியைச் சுற்றியும் ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலும் குப்பங்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று வரிசையாக இருக்கின்றன. இங்கே பிழைப்பு நடப்பது கடிகாரப்படி அல்ல. ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்பதற்குப் பாடு என்ற முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் இரவில் போய் விடிகாலையில் கரை சேர்வார்கள். படகு வந்ததும் ஏலம். ஏலம் முடிந்ததும் கூடையோடு பெண்கள் ஆட்டோவுக்கும் முதல் பஸ்ஸுக்கும் சாலையோரமாக நடப்பார்கள். இருளர் குடும்பங்கள் ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிப்பதற்காக அதிகாலையிலேயே போய்க்கொண்டிருப்பார்கள். ஐஸ் பெட்டி கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் வண்டிகள் பொன்னேரி சந்தைக்கு முந்துவதற்காக விரையும். இவர்களில் யாரிடமும் ஒளிரும் சட்டை கிடையாது. கறுத்த சேலை, கறுத்த போர்வை, தலையில் முக்காடு, எதிரே பனி. விருந்தாளி விடியலைத் தேடிக்கொண்டு வரும் அதே அரைமணி நேரத்தில் இவர்கள் அத்தனை பேரும் சாலையில் இருக்கிறார்கள்.

நாம் ஒருநாள் வேடிக்கை பார்க்க வருகிற சாலை அவர்களுக்கு வாசல். அதன் ஓரத்தில் வலை உலரும், கருவாடு காயும், பிள்ளைகள் விளையாடும், கட்டிலைப் போட்டு வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். குப்பத்துக்குள் நுழைந்தால் 20 கிலோமீட்டர் வேகமே போதும். ஹாரனை அடித்து வழி கேட்பதைவிட, நின்று வழி கொடுப்பது நல்லது. மீன் இறக்கும் இடங்களில் ஐஸ் தண்ணீரும் மீன் கழிவும் சாலையில் வழிந்து கிடக்கும். பைக்கில் வருகிறவர்கள் அங்கே கவனமாகப் போக வேண்டும். பொங்கலை ஒட்டி அறுவடை தொடங்கிவிட்டால் சில இடங்களில் நெல்லைச் சாலையிலேயே பாதியகலத்துக்குக் காயவைப்பார்கள். அது தவறுதான். ஆனாலும் நெல்மணிமேல் ஏறும் டயர் நிற்காது என்பதால் விலகிப் போவதுதான் நமக்குப் பாதுகாப்பு.

போகியன்று தனியாக எச்சரிக்கை வேண்டும். பழைய பாயும் டயரும் எரியும் புகை பனியோடு கலந்தால் எந்த விளக்கும் ஊடுருவாது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்திலேயே விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. அத்தனை கருவிகள் வைத்திருக்கும் விமானமே இறங்காத காலையில் நாம் பைக்கில் கிளம்பத் தேவையில்லை.

2022-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்குப்படி இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்கு, 64,105. நாடு முழுவதும் இறந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். பழவேற்காட்டுக்கு விடுமுறையில் வரும் கூட்டத்திலும் குப்பத்து இளைஞர்களிலும் பைக்தான் அதிகம். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும், நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் வேண்டும் என்பது சட்டம். ஓட்டுகிற அப்பா மட்டும் ஹெல்மெட் போட்டு, பின்னால் அம்மாவும் நடுவில் பிள்ளையும் வெறுந்தலையோடு போவதை இந்தச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. காரில் பின்சீட்டில் பெல்ட் போடாததும் இதே கவனக்குறைவுதான். டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் பால்கர் அருகே இறந்தபோது விலை உயர்ந்த காரின் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல்தான் இருந்தார்.

கடலோரத்து வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்று பிரேக் கேபிளையும் செயினையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். குப்பங்களில் வண்டி வைத்திருப்பவர்கள் பண்டிகைக்கு முன்பே பிரேக்கையும் முன், பின் விளக்குகளையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது. பின்விளக்கு எரியாத பைக்கைப் பனியில் யாராலும் பார்க்க முடியாது.

காணும் பொங்கலன்று மட்டும் கூடுதலாக ஓர் ஆபத்து சேர்கிறது. குட்டி யானை என்று நாம் சொல்லும் சிறு லோடு வண்டியில் பத்துப் பதினைந்து பேர் நின்றுகொண்டு கடற்கரைக்கு வருவார்கள். காசு மிச்சம், எல்லாரும் ஒன்றாகப் போகலாம் என்ற ஆசை. அந்த வண்டி சரக்குக்காகச் செய்தது. ஆட்கள் நிற்கும்போது கனம் மேலே ஏறிவிடுவதால் சாதாரண வளைவிலேயே கவிழும். பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சரக்கு வண்டியில் ஏறிய பயணிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. போனவர்களின் குடும்பத்துக்கு இழப்பீட்டுக்கே வழக்காட வேண்டிய நிலை.

அளவுக்கு மீறி ஆளேற்றினால் என்ன ஆகும் என்பதைப் பழவேற்காடு தண்ணீரில் பார்த்துவிட்டது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சுற்றிப்பார்க்க வந்து ஒரே படகில் ஏறிய உறவினர்கள் ஏறக்குறைய 25 பேர். படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள், பெண்களும் பிள்ளைகளும் உட்பட. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. இன்றைக்கும் விடுமுறை நாட்களில், "அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கண்ணே, காசு சேர்த்துத் தர்றோம்" என்று மீனவர்களிடம் கெஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். வலை ஏற்றும் படகில், லைஃப் ஜாக்கெட் இல்லாமல், நீச்சல் தெரியாத பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு போகச் சொல்வது அந்த மீனவரையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுவது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரின் இழுப்பு கடுமையாக இருக்கும். கரையில் நின்று பார்த்தால் அமைதியாகத்தான் தெரியும். அங்கே குளிக்கவும் இறங்காதீர்கள்.

ஆந்திரப் பக்கம் போகிறவர்களுக்கு வேறு சூழ்நிலை. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் குறுக்காகவே போகிறது. இருபுறமும் தண்ணீர், கைக்கெட்டும் தூரம்போலப் பறவைகள். முன்னால் போகிற கார் பூநாரையைப் பார்த்ததும் சட்டென்று நிற்கும், கதவைத் திறந்துகொண்டு பிள்ளைகள் இறங்கி ஓடும். விண்வெளி மையத்துப் பேருந்துகள் அதே சாலையில் வந்துகொண்டிருக்கும். ஜனவரியில் பூநாரைத் திருவிழா நடக்கும்போது நெரிசல் இன்னும் அதிகம். பறவை பார்க்கும் இடம் என்று ஒதுக்கியிருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள், சாலைப் பக்கக் கதவைத் திறக்காதீர்கள்.

திரும்பும் பயணத்தைப் பற்றி யாரும் திட்டம் போடுவதில்லை. நாள் முழுக்க வெயிலில் அலைந்து, மீன் வறுவலும் சோறும் சாப்பிட்டு, இருட்டும்போது ஸ்டியரிங் பிடிக்கிறோம். புத்தாண்டுக்கு முந்தைய இரவு இதோடு மதுவும் சேர்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. உண்மையில் சட்ட அளவுக்குக் கீழே குடித்திருந்தாலும் பனியில் வண்டி ஓட்டத் தகுதியில்லை. நான் மேலே கணக்குப் போட்ட ஒன்றரை விநாடி குடிக்காதவருக்கானது. தூக்கமும் அதே வேலையைத்தான் செய்யும். டீ கொஞ்ச நேரம் தாங்கும், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வது அதுவும் தாங்காது. வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் தூங்குவதுதான் மருந்து. மாலை நான்கு மணிக்கே கிளம்பிவிட்டால் பொன்னேரியை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம்.

விபத்தைப் பார்த்துவிட்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். அடிபட்டவருக்கு உதவுகிறவரை வழக்கில் இழுத்து அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. 2021 டிசம்பர் 18-இல் தமிழக அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருத்துவமனைகளில் இலவசமாகச் சிகிச்சை கிடைக்கும். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், கையில் என்ன அட்டை இருக்கிறது என்பது தடையில்லை. 108-ஐ அழைக்கும்போது "பழவேற்காடு ஏரி" என்று மட்டும் சொன்னால் ஆம்புலன்ஸ் வந்து சேராது. ஏரி இரண்டு மாநிலங்களில் பரவிக் கிடக்கிறது. எல்லையோரத்தில் செல்போன் ஆந்திரக் கோபுரத்தைப் பிடித்து அழைப்பு அந்தப் பக்கம் போய்விடவும்கூடும். திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம் என்று முதலில் சொல்லிவிட்டு, எந்தக் குப்பம், அருகில் எந்தக் கோயில் அல்லது பாலம் என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கிற மீனவர் கையில் போனைக் கொடுங்கள். அவர் வழி சொல்லிவிடுவார்.